கிளப்புக் கம்பளமும் கறுப்புத் தேங்காயெண்ணெயும்

எல்லாக் கறைக்கும் ஒரே மருந்து என்று அந்த டின்னில் போட்டிருந்தது. கூடவே ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் படம். கையில் பிரஷ், முகத்தில் புன்னகை, காலடியில் பளபளவென்று ஒரு கம்பளம். அந்த அம்மாள் வாழ்க்கையில் ஒரு நாளும் கம்பளத்தின் முன்னால் மண்டி போட்டவள் இல்லை. போட்டிருந்தால் அப்படிச் சிரிக்க வராது.

பதுளைத் துரைமார் கிளப்பில் எனக்குப் பிறகு கம்பளம் பார்க்க வந்த செல்லையா, அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு பஜாரில் என்னை மறித்தார்.

"அண்ணே, கொழும்புலருந்து ரயில்ல வந்திருக்கு. தொரைமாருக்கு ஒரே சந்தோசம். நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

மூடியைத் திறந்து முகர்ந்தேன். சலவைச் சோடா. அதற்கு மேல் கொஞ்சம் ரோஜா வாசனை. விலையில் பாதி அந்த ரோஜாவுக்குத்தான் இருக்கும்.

"இதப் போட்டா கறை போகுமாண்ணே?"

"கண்டிப்பாப் போகும். கம்பளமும் கூடவே போகும்."

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கம்பளம் என்பது ஆட்டு ரோமம். சோடாவைச் சுடுநீரில் கரைத்து ஊற்றினால் ரோமம் சுருங்கிக் கொட்டும், சாயம் இறங்கும். ஆனால் இதை எல்லாம் துரைமாரிடம் யார் சொல்வது? சொல்வதற்குச் செல்லையாவுக்குச் சம்பளம் இல்லை. எனக்கும் அந்தக் காலத்தில் இருந்ததில்லை. இப்போது நான் வேலையை விட்டு நின்றுவிட்டேன், இனி யாரும் என்னை நிறுத்த முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

நான் பசறை ரோட்டில் உள்ள ஒரு தோட்டத்து லயத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் வரிசை வீட்டில், பிறந்தவன். ரோடு வெட்டும்போது உருண்டு வந்த கல் என் இடது பாதத்தை நசுக்கியது. மலை ஏற முடியாதவனைத் தேயிலைத் தோட்டத்தில் வைத்து என்ன செய்வது? ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் கங்காணி என்னைத் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரியதுரைக்கு முன்னால் நிறுத்தினார். "காலு போச்சுங்க தொரை. கையி ரெண்டும் நல்லா இருக்குங்க" என்றார், சந்தையில் மாட்டைக் காட்டுகிற மாதிரி. பெரியதுரை என் கைகளைப் பார்த்தார். பங்களாவில் கம்பளம் தட்டப் போ என்றார். என் உத்தியோகம் அப்படி ஆரம்பமானது.

தொழில் கற்ற கதை பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் பங்களாவிலும் பக்கத்துப் பங்களாக்களிலும் இருந்த துரைசானிமார் ஆளுக்கொரு புத்தகம் வைத்திருந்தார்கள். ஒருத்தி உருளைக்கிழங்கைத் துருவித் தேய்க்கச் சொன்னாள். ஒருத்தி வினிகர் என்றாள். இன்னொருத்தி காய்ச்சி இறுத்த தேயிலைச் சக்கையை ஈரத்தோடு கம்பளத்தில் தூவிப் பெருக்கச் சொன்னாள், தூசு பறக்காதாம். மலையில் கொழுந்து ஒரு பிடி கீழே சிந்தினால் கங்காணி பரம்பரையையே இழுத்து ஏசுவார். பங்களாவில் நான் அதே தேயிலையை வாளி வாளியாகத் தரையில் கொட்டிக் கூட்டினேன். அந்தத் துரைசானியின் வெளிர்மஞ்சள் கம்பளம் கொஞ்ச நாளில் தேத்தண்ணி நிறமாகிவிட்டது. கம்பளம் முதிர்ந்து அழகாகிவிட்டது என்று அவள் சீமைக்கு எழுதினாள்.

இவர்கள் எல்லாரும் சொன்னதைச் செய்து, கெட்டதை எல்லாம் பார்த்து, மிஞ்சியதை நான் வைத்துக்கொண்டேன். வெறும் தூசுக்குத் தடியே போதும். கொழுப்புக்கு மருந்து வேண்டும். தூசும் கொழுப்பும் கல்யாணம் செய்துகொண்டு குடும்பம் நடத்த ஆரம்பித்த பிறகு, எந்தக் கொழுப்பு என்று தெரியாமல் கையை வைக்கக் கூடாது. தேங்காயெண்ணெய், நெய் என்றால் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான தண்ணீர். ஆட்டுக்கொழுப்பு, பூட்ஸுக்குப் பூசும் கொழுப்பு என்றால் மாட்டுப் பித்தம். தார், மெழுகு, சக்கர அச்சுக்குப் பூசும் வண்டி மை என்றால் முதலில் டர்பன்டைன், அதன் பிறகுதான் மற்றது. எதைப் போட்டாலும் கடைசியில் வினிகர் கலந்த பச்சைத் தண்ணீரால் துடைத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தங்கிய மருந்தே அடுத்த அழுக்கை அழைத்துவரும்.

எந்த மருந்தையும் கம்பளத்தில் வைப்பதற்கு முன்னால் நான் என்னுடைய கம்பளியில் வைத்துப் பார்ப்பேன். தோட்டத்தில் எங்களுக்குக் கொடுக்கும் கறுப்புக் கம்பளிதான். அதுவும் ஆட்டு ரோமம், துருக்கிக் கம்பளமும் ஆட்டு ரோமம். ஆட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. என் கம்பளியின் ஓரமெல்லாம் பொத்தலாகிப்போனதற்கு எலியைக் குறை சொல்ல முடியாது.

பெரியதுரைதான் கிளப்புக்கும் தலைவர். தன் தோட்டத்திலிருந்தே ஆட்களைக் கிளப்புக்கு அனுப்பிவைப்பார். நான் போனேன். பிறகு கூட்டுகிற வேலைக்கு மாரியாயி வந்தாள். அவளுடைய புருஷனும் பிள்ளைகளும் மாமியாரும் தோட்டத்து லயத்தில் இருந்தார்கள். அவள் விடியுமுன் நடந்து வந்து பொழுது சாயத் திரும்பிப் போவாள்.

கிளப்பில் எங்களுக்கு மேலே பட்லர் ஞானமுத்து. மெட்ராஸில் ஒரு பிரபுவிடம் வேலை பார்த்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். எந்தப் பிரபு என்று கேட்டால் மேலே கூரையைப் பார்ப்பார். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான், இடுப்பில் சாவிக்கொத்து. கம்பளத்தில் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. சுவர் ஓரமாகவே மண்டபத்தைச் சுற்றி வருவார். கறை இருந்தால் குனியமாட்டார், நின்ற இடத்திலிருந்து மூக்கை மட்டும் கொஞ்சம் இறக்குவார். மருந்து எவ்வளவு நாறுகிறதோ அவ்வளவு சுத்தம் செய்யும் என்பது அவர் கொள்கை. நாற்றம் இல்லாத பூந்திக்கொட்டைத் தண்ணீரை அவர் ஒரு மருந்தாகவே மதித்ததில்லை.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. "டேய்" என்று கூப்பிட்டால் பயப்பட ஒன்றும் இல்லை. குரலைத் தாழ்த்தி "தம்பி" என்றாரானால் அந்த ஆள் மூட்டையைக் கட்டலாம். சமையற்காரனைத் தம்பி என்றார், அடுத்த நாள் அவன் இல்லை. தோட்டக்காரனைத் தம்பி என்றார், அவனும் இல்லை. பட்லர் எங்களை டேய் என்றே கூப்பிட வேண்டுமென்று கிளப்பு வேலைக்காரர் எல்லாரும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

பெரிய மண்டபத்தில் ஒரு துருக்கிக் கம்பளம் கிடந்தது. பெரியதுரையின் துரைசானி சீமைக்குப் போகும்போது கிளப்புக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனது. போனவள் திரும்பி வரவில்லை. பெரியதுரை அதைப் பற்றி யாரிடமும் பேசமாட்டார். மண்டபத்துக்கு வந்தால் கம்பளத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் நாற்காலி போட்டு உட்காருவார். யாராவது சுருட்டுச் சாம்பலைத் தட்டினால் அவர் கழுத்து சிவக்கும். மற்ற துரைமார் அவர் இருக்கும்போது சாம்பலைத் தங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். அவர் போனதும் ஆட்டுக்கறிக் குழம்பு, துப்பாக்கி எண்ணெய், பூட்ஸ் கொழுப்பு, நாய் என்று எல்லாவற்றையும் அதன் மேல் இறக்குவார்கள். அந்தக் கம்பளத்தைப் பிழிந்திருந்தால் ஓர் ஊருக்கு சூப்பு வந்திருக்கும்.

அது குதிரைப் பந்தய வாரம். பெரியதுரை நுவரெலியாவுக்குப் போயிருந்தார். கம்பெனியின் டைரக்டர் ஒருவரை ஞாயிற்றுக்கிழமை அழைத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அப்போதெல்லாம் ரயில் பண்டாரவளையோடு சரி, அங்கிருந்து குதிரை வண்டியில்தான் வர வேண்டும். சனிக்கிழமை காலை நான் மண்டபத்துக் கதவைத் திறந்தேன். ஒரு கட்டில் அகலத்துக்குக் கம்பளம் கறுப்பாகக் கிடந்தது. சுற்றிலும் சின்னச் சின்னக் குளம்படிகள்.

காவற்காரர் கதையைச் சொன்னார். எங்கள் தோட்டத்துச் சின்னத்துரை, அதாவது பெரியதுரைக்குக் கீழே வேலை பழகுகிற இளம் துரை, முன் தினம் சாப்பாடு முடிந்ததும் ஒரு பன்றிக்குட்டியைக் கொண்டுவந்தாராம். அதன் உடம்பு முழுக்க வண்டி மை பூசி மண்டபத்தில் விட்டார்களாம். பிடிக்கிறவனுக்குப் பந்தயமாம். துரைமார் எல்லாரும் கோட்டோடும் பூட்ஸோடும் அதன் மேல் விழுந்து புரண்டார்களாம். பன்றி ஜெயித்தது. கம்பளம் தோற்றது.

சின்னத்துரையும் பட்லரும் வராந்தாவில் ஒதுங்கி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னத்துரையின் முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது. கம்பளத்துக்கு இப்படி ஆனது தெரிந்தால் பெரியதுரை அவரை அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார். பேச்சு முடிந்ததும் பட்லர் சுவரோரமாக நடந்து வந்தார். மூக்கை இறக்கினார்.

"தேங்காயெண்ணெய்" என்றார்.

நானும் மாரியாயியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"பலகைத் தரைக்குப் பூசுறேன்னு எண்ணெயக் கொட்டிட்டியே, தங்கச்சி" என்றார் மாரியாயியிடம், குரலைத் தாழ்த்தி.

தங்கச்சி! பெண்களுக்கும் அவர் முறை வைத்திருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மாரியாயி விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். "ஐயா, நான் பூசுறது செரட்டையில கொஞ்சூண்டு எண்ணெங்க. இது கொளம் மாதிரி கெடக்கு. எங்கிட்ட இவ்வளவு எண்ணெ இருந்தா நான் ஏன் இங்க கூட்டுறேன்? பஜார்ல கடையில்ல வச்சிருப்பேன்?"

"தேங்காயெண்ணெ கறுப்பா இருக்குமாங்க?" என்று நானும் கேட்டேன்.

"பழைய எண்ணெய்."

குனிந்து கறையிலிருந்து ஒரு முரட்டு ரோமத்தைப் பிடுங்கி அவர் முன்னால் நீட்டினேன். பன்றி ரோமம். குழந்தைகூடச் சொல்லிவிடும். பட்லர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"தேங்காய் நார்" என்றார்.

இந்த மனுஷர் மெட்ராஸில் வேலை பார்த்தது பிரபுவிடம் அல்ல, ஒரு வக்கீலிடம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அவர் சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "பெரியதொரை வர்றதுக்குள்ள கறை போயிடுச்சுன்னா பேச்சே இல்ல. போகலேன்னா அவருக்கு யாராச்சும் காரணம் சொல்லித்தானே ஆகணும்?"

மாரியாயிக்குப் புரிந்துவிட்டது. கிளப்பு வேலை போவது பெரிதல்ல. பெரியதுரையின் கம்பளத்தைக் கெடுத்தவள் குடும்பம் பெரியதுரையின் லயத்தில் இருக்க முடியாது. துண்டு என்கிற விடுதலைச் சீட்டும் கொடுக்கமாட்டார்கள். துண்டு இல்லாத ஆளை வேறு எந்தத் தோட்டமும் சேர்க்காது. புருஷன், பிள்ளைகள், நடக்க முடியாத மாமியார் எல்லாரும் ரோட்டில் நிற்க வேண்டும், அதுவும் கொட்டுகிற மழையில். அதுவரை வாயாடிக்கொண்டிருந்தவள் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, இது போகுமா?" என்றாள்.

"போகும்" என்றேன். அது எனக்கே நிச்சயமில்லை.

வண்டி மைக்கு டர்பன்டைன் வேண்டும். கிளப்பு ஸ்டோரில் ஒரு பெரிய போத்தல் இருந்தது, சாவி பட்லர் இடுப்பில். போய்க் கேட்டேன்.

"தேங்காயெண்ணெய்க்கு எதுக்குடா டர்பன்டைன்?" என்றார். "பூந்திக்கொட்டை போதும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் நாற்றமில்லாத மருந்தைச் சிபாரிசு செய்தார். விஷயம் என்னவென்றால், டர்பன்டைன் கொடுத்தால் அது வண்டி மை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கறைக்குத் தேங்காயெண்ணெய் என்று பெயர் வைத்தாகிவிட்டது. இனி வைத்தியமும் பெயருக்குத்தான், நோய்க்கு அல்ல.

நொண்டிக்கொண்டே பஜாருக்குப் போனேன். ஊரே அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடும் காசிம் நானா கடையில் நான் கேட்பதெல்லாம் கிடைக்கும். பூந்திக்கொட்டை, சீமைச்சுண்ணாம்பு, வினிகர், மண்ணெண்ணெய், வண்டி மை. அவருடைய மச்சான் பக்கத்தில் இறைச்சிக்கடை வைத்திருந்தார், மாட்டுப் பித்தம் அங்கிருந்து வரும்.

"டர்பன்டைன் வேணும் நானா. அவசரம். வண்டி மைக் கறை."

காசிம் நானா தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சிரித்தார். "நேத்து ஒங்கட சின்னத்தொர வந்து ரெண்டு டின் வண்டி மை வாங்கிட்டுப் போன. ஒரு குதிர வண்டிக்கு ரெண்டு டின் எதுக்கு தொர எண்டு கேட்டன். சக்கரம் ரொம்பக் கத்துது எண்டார். என்ன நடந்த?"

"சக்கரத்துக்குப் பூசல நானா. பன்னிக்குப் பூசினாங்க."

சிரிப்பு நின்றது. நான் அவர் மேசையில் வைத்திருந்த கையைப் பார்த்தார். "நீ அதத் தொட்டியா?"

"தொட்டேன்."

"முதல்ல கையக் கழுவிட்டு வா, தம்பி. பொறகு பேசலாம்."

கழுவிவிட்டு வந்தேன். டர்பன்டைன் போத்தலைக் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பித்தம் இருந்த குப்பியையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். இப்போது ஒதுங்குவது என் முறை. மாட்டுப் பித்தத்தைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் என் அம்மா உலைப்பானையைக்கூடத் தொட விடமாட்டாள். அவளிடம் அதை மருந்து என்றுதான் சொல்லிவைத்திருந்தேன். பன்றி பட்ட மையை அவரால் தொட முடியாது, பித்தத்தை நான் வீட்டில் பெயர் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்தால்தான் துரைமார் கம்பளம் சுத்தமாகும். அந்தத் துரைமாரோ காலையில் பன்றி, மத்தியானம் மாடு என்று கவலையில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வண்டி மையில என்னா கெடக்கு நானா?"

"கொழுப்பு, எண்ணெ, கரி. கரிதான் கவனம். தண்ணி முதல்ல பட்டுதோ, கரி ரோமத்துக்குள்ள எறங்கி உக்காந்துரும். பொறகு அல்லாஹ்தான்."

திரும்பி வந்து பார்த்தால் பட்லர் ஒரு வாளி பூந்திக்கொட்டைத் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தார், கம்பளத்தில் ஊற்றுவதற்கு. மாரியாயி வாளிக்கும் கறைக்கும் நடுவில் கம்பளத்திலேயே படுத்துக் கிடந்தாள்.

"என் மேல ஊத்துங்கய்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "நானும் குளிச்சு நாளாச்சு."

பட்லர் வாளியை வைத்துவிட்டுப் போனார். சுவரோரமாகத்தான்.

வேலையை ஆரம்பித்தோம். எலும்புக் கரண்டியால் மையைச் சுரண்டினோம், ஓரத்திலிருந்து நடுவுக்கு, அழுத்தாமல். சீமைச்சுண்ணாம்புத் தூளைக் கனமாகத் தூவி, மேலே பழைய காகிதத்தை விரித்து, சூடு ஆறிவந்த இஸ்திரிப்பெட்டியை வைத்தேன். காகிதம் கொழுப்பைக் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகும். எடுத்து எறிந்துவிட்டு வேறு காகிதம். துரைமார் படித்துப் போட்ட சீமைப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக இருந்தன, எல்லாவற்றுக்கும் ஒரு பிரயோசனம் கிடைத்தது. பிறகு டர்பன்டைன். முதலில் என் கம்பளியில் மையைப் பூசி, துடைத்துப் பார்த்தேன். போயிற்று. கம்பளத்தின் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் தொட்டு வெள்ளைத் துணியால் ஒற்றினேன். சிவப்பும் நீலமும் அசையவில்லை. அதற்கப்புறம்தான் கறைக்குப் போனேன். தேய்க்கவில்லை, ஒற்றினேன். தேய்க்கிறவன் கறையைப் போக்குவதில்லை, குடியிருப்பை மாற்றுகிறான்.

நடுவில் சின்னத்துரை எட்டிப் பார்த்தார். துரைமார் தமிழ் என்று ஒன்று உண்டு, எல்லாம் கட்டளை, மரியாதை என்பதே அதில் கிடையாது.

"வேலாயுதம், நீ விஸ்கி போடு. விஸ்கி எல்லாம் கழுவும்."

"நேத்து நெறையப் போட்டிருக்காங்க தொரை" என்றேன். "கழுவக் காணோம்."

அவர் சிரித்துவிட்டார். நல்ல சிரிப்பு. கெட்ட மனுஷர் என்று அவரைச் சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். மாரியாயி பக்கத்தில் மண்டி போட்டிருந்தாள். அவள் ஒருத்தி அங்கே இருப்பதாகவே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

டர்பன்டைன் போன பிறகு பித்தத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து போட்டோம். அதன் பிறகு பூந்திக்கொட்டை நுரை, பட்லருக்கும் ஒரு மரியாதை. கடைசியில் வினிகர். உலர்ந்த துணியை வைத்து மாரியாயி மேலே ஏறி நின்று மிதித்துத் தண்ணீரை எடுத்தாள். பிறகு கதவுகளைத் திறந்துவிட்டு ஆளுக்கொரு சுளகால் விசிறினோம். பொழுது சாயும் நேரத்தில் ஈரம் வற்றியது.

எழுந்து நின்று பார்த்தேன்.

கறை இல்லை. சுத்தமாக இல்லை. அது இருந்த இடத்தில் சிவப்பு ரத்தினம் மாதிரி ஜொலித்தது, பூ ஒவ்வொன்றும் எண்ணலாம் போல இருந்தது. சுற்றிலும் மிச்சக் கம்பளம் முழுக்கச் சேற்று நிறம். கறுப்புக் கறை இருந்த இடத்தில் இப்போது ஒரு வெளிச்சக் கறை. கண்ணில்லாதவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

"இது முன்னாடிய விட மோசமால்ல இருக்கு" என்றாள் மாரியாயி.

முழுக் கம்பளத்தையும் அதே மாதிரிச் சுத்தம் செய்ய நேரம் இல்லை. செய்தாலும் மழைக்காலத்தில் அது காய ஒரு வாரம் பிடிக்கும். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"சுத்தம் பண்ணத் தெரிஞ்ச ஒங்களுக்கு அழுக்குப் பண்ணத் தெரியாதாண்ணே?"

என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிக நுணுக்கமான வேலை அதுதான். தேத்தண்ணியைக் கடுங்காப்பியோடு கலந்து தெளித்தோம். கம்பளத்தின் மறுபக்கத்தைத் தட்டிச் சேர்த்த தூசையே சலித்துத் தூவினோம். ஓரங்களில் கூடுதலாக, நடுவில் குறைவாக, ஒரு கோலம் போடுகிற கவனத்தோடு மாரியாயி தூவினாள். சுருட்டுச் சாம்பல் ஒரு பிடி. ஆனாலும் புது அழுக்கு மேலேயே நின்றது, உள்ளே இறங்கவில்லை.

"மிதிக்கணும்" என்றாள். "பூட்ஸ் போட்ட காலு வேணும்."

நான் வராந்தாவுக்குப் போய், "தொரைமாரு கொஞ்சம் உள்ள வந்து நடந்தா நல்லதுங்க" என்றேன். சின்னத்துரை உடனே புரிந்துகொண்டார். கூட்டாளிகளை அழைத்து வந்து, நனைந்த முற்றத்தை மிதித்த பூட்ஸோடு கம்பளத்தில் வரிசையாக மேலும் கீழும் நடக்கவிட்டார். ஒருவர் பெரட்டு மாதிரி ஆள் கணக்கு எடுத்தார். எல்லாருக்கும் ஒரே கும்மாளம். அவர்கள் வாழ்நாளில் இலங்கைக்குச் செய்த ஒரே உழைப்பு அதுவாகத்தான் இருக்கும், மிக நன்றாகச் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியதுரை டைரக்டரோடு வந்தார், கூடவே அவருடைய வேட்டை நாய். மண்டபத்துக்குள் வந்ததும் டைரக்டர் கம்பளத்தைப் பார்த்து ஏதோ புகழ்ந்தார். பெரியதுரையின் முகம் கொஞ்சம் இளகியது. வழக்கமான இடத்தில் நாற்காலியைப் போடச் சொன்னார். நாய் மட்டும் நேரே கறை இருந்த இடத்துக்குப் போனது. மோந்தது. முன்னங்காலால் பிறாண்டியது. பிறகு உறுமியது.

மனுஷர் எல்லாரையும் ஏமாற்றிவிட்டோம். நாய்க்கு மட்டும் மாட்டுப் பித்தமும் பன்றியும் ஒரே மூச்சில் தெரிந்துவிட்டது.

பெரியதுரை குனிந்து பார்த்தார். விரலால் தடவி முகர்ந்தார். "இங்கே என்ன?" என்றார்.

வாசலில் மாரியாயி விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்லர் ஓர் அடி முன்னால் வந்து குரலைத் தாழ்த்தினார். "தொரை, இந்தத் தங்கச்சி..."

நான் சின்னத்துரையைப் பார்த்தேன். சும்மா பார்க்கவில்லை. முறைத்தேன் என்றே சொல்லலாம். மடித்த கை விரலிடுக்கில் பன்றி ரோமத்தை வைத்திருந்தேன். அதையும் அவர் பார்த்தார்.

"எலி!" என்று இங்கிலீஷில் கத்தினார் சின்னத்துரை. "சார், கம்பளத்துக்கு அடியில் எலி இருக்கிறது. நாய் அதைத்தான் மோப்பம் பிடிக்கிறது."

அவர் மாரியாயியைக் காப்பாற்றினார் என்று பிற்பாடு கிளப்பில் சிலர் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்ற பயம் என்பது என் கணிப்பு. எப்படியோ, பட்லரின் வாக்கியம் பாதியில் செத்தது. பெரியதுரை நாயை அதட்டி வெளியே அனுப்பினார். டைரக்டர் தன் நாட்டு எலிகளைப் பற்றி நீளமாகப் பேசினார். கடைசியில் கிளப்புக்கு ஒரு பூனை வாங்கும்படி உத்தரவாயிற்று. அந்தப் பூனை வந்த முதல் வாரமே கம்பளத்தில் மூத்திரம் பெய்தது. அதற்கு என்ன மருந்து போடுவது என்பது வேறு வித்தை, அதில் எனக்கு இன்னொரு வருஷம் போயிற்று.

மாரியாயி அன்று மாலை வழக்கம்போல் வீட்டுக்கு நடந்து போனாள். போகும்போது பட்லர் வாசலில் நின்றார்.

"ஏய் மாரியாயி, நாளைக்குச் சீக்கிரம் வா" என்றார்.

ஏய்! அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காலம் ஓடியது. பட்லர் மெட்ராஸுக்கே திரும்பிப் போனார், துரைமார் கையெழுத்திட்ட நற்சான்றுப் பத்திரங்களோடு. பெரியதுரை ஓய்வுபெற்றுக் கப்பல் ஏறினார். சின்னத்துரை பெரியதுரையானார், வயிறு வைத்தது, கிளப்புத் தலைவரும் ஆனார். நான் வேலையை விட்டபோது எனக்கு ஒரு பிரிவுபசாரம் வைத்தார்கள். வேலைக்காரர்களைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, அவர் நடு மண்டபத்தில் நின்று பேசினார். அவருடைய தமிழ் அத்தனை வருஷத்தில் கொஞ்சமும் முன்னேறவில்லை. பாதி இங்கிலீஷிலும் பாதித் தமிழிலும் அந்தப் பன்றிக் கதையைச் சொன்னார், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அந்தப் பன்றிக்குட்டிக்கு அவர்கள் பெயர் வைத்திருந்தார்களாம். டெய்சி. "மிக நல்ல பன்றி" என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. டெய்சியின் நினைவுக்கு என்று கிளாஸைத் தூக்கினார், மற்ற துரைமாரும் தூக்கினார்கள்.

அடுத்த நாள் தோட்டத்துக்குப் போய் மாரியாயியைப் பார்த்தேன். மகன் வீட்டு வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சை எல்லாம் அப்படியே சொன்னேன்.

"எம் பேரச் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"இல்ல. கூட்டுற பொம்பள ஒருத்தி இருந்தான்னுகூடச் சொல்லல. பன்னி பேரு மட்டும் ஞாபகம் வச்சிருக்காரு."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். எனக்கே கோபமாகத்தான் இருந்தது. அவள் சுளகை ஒரு தட்டுத் தட்டினாள்.

"அந்தப் பன்னிய அப்பறம் என்ன பண்ணுனாங்களாம்?"

"ஞாயித்துக்கெழம டைரக்டர் தொரைக்கு விருந்து வச்சாங்கல்ல, அதுல சமைச்சுத் தின்னுட்டாங்களாம்."

"பேரு வச்ச பன்னியவா?"

"ஆமா."

மாரியாயி ஒரு கல்லைப் பொறுக்கி முற்றத்தில் எறிந்தாள்.

"நல்லவேள அண்ணே" என்றாள், "அவுங்களுக்கு எம் பேரு தெரியாமப் போச்சு."